தேற்றாங்கொட்டை தண்ணீரைத் தெளிய வைக்கும், கிருமியைக் கொல்லாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளியங்கிரி மலைப்பாதை திறக்கும் காலம் நெருங்குவதை ஒட்டி, முதன்முறையாக மலையேறுவோருக்கான குறிப்புகளைத் தொகுத்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியிட்டிருந்த கட்டுரையைப் படித்தேன். மூங்கில் தடி, டார்ச் விளக்கு, உச்சியில் அடிக்கும் குளிர்காற்று ஆகியவற்றைப் பற்றி அதில் சொல்லியிருப்பவை அனைத்தும் அனுபவப்பட்டவர் எழுதியவை என்பது படித்த உடனே தெரிந்தது. ஆனால், வழியில் கிடைக்கும் ஓடை நீரில் தேற்றாங்கொட்டையை உரசிக் கலந்துவிட்டால் அது தூய குடிநீராகிவிடும், கொதிக்க வைக்கவோ வேதிப்பொருள் சேர்க்கவோ தேவையில்லை என்னும் பொருளில் வந்திருந்த ஒரு பத்தியைப் படித்ததும் எனக்குக் கவலை ஏற்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையிலும், அந்த மலையில் பலமுறை ஏறி இறங்கியவன் என்ற முறையிலும் அந்தப் பத்தியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தேற்றாங்கொட்டையை நான் குறைத்து மதிப்பிடுபவன் அல்லன். எங்கள் வீட்டில், ஆற்றுநீர் செந்நிறமாக வரும் மழைக்காலத்தில், என் தாயார் மண்பானையின் உட்புறத்தில் அந்தக் கொட்டையை நான்கைந்து முறை தேய்த்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி மூடி வைப்பார். காலையில் பானையின் அடியில் ஒரு விரற்கடை அளவு மண்டி தங்கியிருக்க, மேலே உள்ள நீர் பளிங்குபோல் இருக்கும். இந்தக் கொட்டையைத் தரும் தேற்றா மரத்துக்கு இல்லம் என்று ஒரு பழைய பெயர் உண்டு. கலித்தொகையின் நெய்தற்கலியில், பிரிவால் கலங்கிக் கிடந்த தலைவி ஒருத்தி மனம் தெளிந்ததற்கு, இல்லத்தின் கொட்டையால் தெளிந்த நீர் உவமையாகச் சொல்லப்படுகிறது. அப்படியானால் நம்மவர்கள் பல நூற்றாண்டுகளாக இதைக் கையாண்டு வந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அதற்கு வைத்த பெயரையும் கவனிக்க வேண்டும். தேற்றுதல் என்றால் தெளிவித்தல். கொட்டை செய்யும் வேலை அந்தப் பெயரிலேயே அடங்கிவிடுகிறது. அதற்கு மேல் ஒன்றைச் செய்யும் என்று சேர்த்துக்கொண்டவர்கள் நாம்தான்.

கலங்கல் நீரில் மிதக்கும் நுண்ணிய களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே இருப்பதால் அவை நாள்கணக்கில் அடியில் தங்காமல் மிதக்கின்றன. தேற்றாங்கொட்டையை உரசும்போது வெளிப்படும் வழவழப்பான பொருளில் உள்ள நீண்ட மூலக்கூறுகள் இத்துகள்களைப் பிணைத்துத் திரளச் செய்கின்றன. திரண்டவை எடை கூடிக் கீழே இறங்குகின்றன. நகராட்சி நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் போடுவது இதே வேலைக்குத்தான். துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பாக்டீரியாக்களில் ஒரு பகுதியும் இப்படி மண்டியோடு கீழே போய்விடும் என்பது உண்மை. மீதி நீரிலேயே இருக்கும்.

அந்த மீதி எவ்வளவு என்பதைப் பார்ப்பதற்காக, கட்டுரையைப் படித்த வாரத்திலேயே ஒரு சிறு சோதனை செய்தேன். மழை பெய்த மறுநாள் பேரூர்ப் படித்துறை அருகே நொய்யலில் எடுத்து வந்த நீரை மூன்று பாத்திரங்களில் ஊற்றினேன். முதல் பாத்திரத்து நீருக்காகத் தேற்றாங்கொட்டையைச் சந்தனக் கல்லில் உரசி, பால்போல் வந்த விழுதைக் கலந்து மெதுவாகக் கிளறினேன். கால் மணி நேரத்தில், திரிந்த பாலில் தெரிவதுபோல் சிறு சிறு திட்டுகள் தோன்றி இறங்கத் தொடங்கின. இரண்டாவது பாத்திரத்தில் முருங்கை விதைத் தூளைக் கலந்தேன். மூன்றாவதைத் துணியில் வடிகட்டித் தளதளவென்று கொதிக்க வைத்தேன். மறுநாள் காலையில் முதல் இரண்டு பாத்திரங்களின் தெளிந்த நீரையும், ஆறிய வெந்நீரையும் தனித்தனியாகச் சோதனைக் குப்பிகளில் ஊற்றி வைத்தேன். மலக்கழிவு கலந்த நீரை ஊற்றினால் உள்ளே இருக்கும் தாள் கறுத்துவிடும் ஹைட்ரஜன் சல்பைடு குப்பி அது. நம் நாட்டு அறிவியலாளர்கள் 1982-இல் வெளியிட்ட முறை. கிராமங்களில் குடிநீரைச் சோதிக்க இன்றும் பயன்படுகிறது. ஒன்றரை நாள் கழித்துப் பார்த்தபோது தேற்றாங்கொட்டைக் குப்பி மை கொட்டியதுபோல் கறுத்திருந்தது. முருங்கைக் குப்பி சற்றுத் தாமதமாகக் கறுத்தது, அவ்வளவுதான் வேறுபாடு. வெந்நீர்க் குப்பி மட்டும் ஊற்றியபோது இருந்த பழுப்பு நிறத்திலேயே இருந்தது.  ஆனால் குப்பிகளில் ஊற்றுவதற்கு முன் தேற்றாங்கொட்டை நீர்தான் பார்வைக்கு மிக அழகாக இருந்தது.

முருங்கை விதையைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இருந்தது. சூடான் நாட்டுப் பெண்கள் நைல் நதியின் கலங்கல் நீரை இந்த விதையால் தெளிய வைத்துப் பயன்படுத்தி வந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதிலுள்ள புரதம் நேர்மின்னூட்டம் கொண்டது என்பதால் களிமண்ணை மிக நன்றாகப் பிடிக்கும். மரத்திலேயே முற்றிக் காய்ந்த நெற்றிலிருந்து எடுத்த விதையின் தோலையும் சிறகையும் நீக்கி, வெள்ளைப் பருப்பை மட்டும் நுணுக்கி, மிகக் கலங்கிய நீராக இருந்தால் லிட்டருக்கு ஒன்று அல்லது இரண்டு, லேசான கலங்கலாக இருந்தால் நான்கு லிட்டருக்கு ஒன்று என்ற அளவில் சேர்க்க வேண்டும். முதல் இரண்டு நிமிடம் வேகமாகவும் பிறகு ஐந்து முதல் பத்து நிமிடம் மெதுவாகவும் கிளறிவிட்டு, குறைந்தது ஒரு மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். இவ்வாறு முறையாகச் செய்தால் பாக்டீரியாக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு முதல் தொண்ணூற்றொன்பது வரை நீங்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கேட்பதற்கு நிறைவாக இருக்கும் எண்தான். ஆனால் சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா போன்ற கிருமிகளில் நூறுக்கும் குறைவானவை உள்ளே போனாலே நோய் வரக்கூடும் என்பதையும், விதையிலிருந்து நீரில் தங்கிவிடும் கரிமப் பொருள் எஞ்சிய கிருமிகளுக்கு உணவாகி அவற்றை மீண்டும் பெருகச் செய்யும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதனால்தான் முருங்கை விதையால் தெளிய வைத்த நீரை ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. தேற்றா மரமும் எட்டி மரமும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. எட்டிக் கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னின் கொடிய நஞ்சு. தேற்றாங்கொட்டை உருண்டையாகச் சட்டைப் பொத்தான் அளவில் இருக்கும். எட்டிக் கொட்டை அதைவிடப் பெரியது, நாணயம்போல் தட்டையாக, சாம்பல் நிறத்தில் பட்டுபோன்ற மினுமினுப்புடன் இருக்கும். பழகியவர்களுக்குக் குழப்பம் வராது. ஆனால் கட்டுரையைப் படித்துவிட்டுக் காட்டில் பொறுக்கிக்கொள்ளலாம் என்று புறப்படும் இளைஞருக்கு இந்த வேறுபாடு தெரியாது. தெரியாத கொட்டை எதையும் தண்ணீரில் உரசாதீர்கள் என்று ஒரு வரியாவது கட்டுரையில் இருந்திருக்க வேண்டும்.

‘மலைச் சுனை நீர் மருந்து, நாங்கள் காலங்காலமாகக் குடிக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்வோர் பலர். வெள்ளியங்கிரிப் பாதையில் உள்ள கைதட்டிச் சுனையில் குனிந்து கையால் அள்ளிக் குடித்த குளிர்ச்சி எனக்கும் மறக்காது. ஆனால் ஆண்டிச் சுனையில் எத்தனை பேர் இறங்கிக் குளிக்கிறார்கள் என்பதைச் சித்ரா பௌர்ணமி அன்று ஏறியவர்கள் அறிவார்கள். அத்தனை ஆயிரம் பேருக்கும் மலைமீது கழிப்பறை எங்கே இருக்கிறது என்ற கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ‘ஒன்றும் ஆகவில்லை’ என்பதிலும் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் எங்களுடன் ஏறிய உறவுக்காரப் பையன் ஒருவனுக்கு இறங்கி வந்து ஏறத்தாழ நான்கு வாரம் கழித்து மஞ்சள் காமாலை வந்தது. வீட்டில் எல்லோரும் கல்லூரி விடுதிச் சாப்பாட்டைத் திட்டினார்கள். மலையை யாரும் நினைக்கவில்லை. விடுதியா மலையா என்று இன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் ஏ கிருமி உடலுக்குள் போய் நோயாக வெளிப்பட இரண்டு வாரம் முதல் ஏழு வாரம் வரை ஆகும், டைபாய்டுக்கு ஒன்று முதல் மூன்று வாரம், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஜியார்டியாவுக்கும் ஒன்றிரண்டு வாரம் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு, மலையைக் கணக்கில் சேர்க்காமல் விட என்னால் முடியவில்லை.

மற்ற இயற்கை வழிகளையும் பார்த்துவிடலாம். செம்புப் பாத்திரத்தைப் பற்றி நல்ல ஆய்வே இருக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, காலரா, டைபாய்டு, சீதபேதி ஆகியவற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்களைக் கலந்த நீரைச் செம்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்தபோது அவற்றை மீண்டும் வளர்த்தெடுக்க முடியவில்லை. நீரில் கரைந்த செம்பும் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புக்கு மிகக் கீழேயே இருந்தது. வீட்டில் இரவு நிரப்பி மறுநாள் குடிப்பவர்களுக்கு இது சரி. மலையேறுபவர் செம்புப் பாட்டிலில் சுனை நீரைப் பிடித்து அடுத்த திருப்பத்திலேயே குடித்துவிட்டால், பாக்டீரியாக்களுக்குச் செம்பின் அறிமுகம்கூடக் கிடைத்திருக்காது. அந்தப் பாட்டிலில் எலுமிச்சைச் சாற்றையோ மோரையோ ஊற்றிக்கொண்டு போகும் பழக்கமும் பரவி வருகிறது. புளிப்பில் செம்பு அளவுக்கு மீறிக் கரைந்து குமட்டலை உண்டாக்கும் என்பதால் அதைக் கைவிட வேண்டும்.

துணியில் வடிகட்டுவது எளிது, செலவில்லாதது. வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் ரீட்டா கோல்வெல் என்னும் அமெரிக்க நுண்ணுயிரியலாளரும் அவருடைய குழுவினரும், பழைய பருத்திப் புடவையை எட்டு அடுக்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீர் பிடிக்கச் செய்தபோது, காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 2003-இல் வெளியிட்டார்கள். காலராக் கிருமி நீரில் வாழும் நுண்ணிய மிதவை உயிர்களோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் அந்த உயிர்களைப் பிடித்தாலே கிருமியும் பெருமளவு சிக்கிவிடுகிறது. புதுத் துணியைவிடப் பலமுறை துவைத்து நூல் நைந்த துணியே இதற்கு ஏற்றது. நைந்த இழைகள் துணியின் கண்களை அடைத்துக்கொள்கின்றன. பழைய வேட்டி ஒன்று ஒவ்வொரு முதுகுப்பையிலும் இருக்க வேண்டும் என்பேன். ஆனால் தனியாக மிதக்கும் பாக்டீரியாவும் அதைவிடச் சிறிய வைரஸும் எட்டு அடுக்கையும் எளிதாகக் கடந்துவிடும்.

சூரிய ஒளியும் கிருமியைக் கொல்லும். பெட் (PET) எனப்படும் நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த நீரை நிரப்பி நல்ல வெயிலில் ஆறு மணி நேரமும், வானம் மூடியிருந்தால் இரண்டு நாளும் படுக்க வைக்க வேண்டும். நீர் போதிய தெளிவுடன் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. நிரப்பிய பாட்டிலைத் தங்கள் நாளிதழின் தலைப்பு எழுத்துகள் மீது நிமிர்த்தி வைத்து, வாய்ப்பகுதி வழியாகக் கீழே நோக்கினால் அந்த எழுத்துகளைப் படிக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் வெயிலில் வைத்துப் பயனில்லை. தேற்றாங்கொட்டைக்கும் முருங்கை விதைக்கும் உரிய இடம் இதுதான்: முதலில் அவற்றால் தெளிய வைத்து, துணியில் வடித்து, அதன் பிறகு வெயிலோ நெருப்போ கிருமியைக் கொல்ல விட வேண்டும். நடைமுறையில், இரவில் ஏறி விடியலில் உச்சியைத் தொட்டு முற்பகலில் இறங்கிவிடும் வெள்ளியங்கிரிப் பயணத்தில் பாட்டிலை ஆறு மணி நேரம் பாறைமேல் காயவைக்க யாருக்கும் நேரமில்லை. போதாக்குறைக்கு, பிளாஸ்டிக் பாட்டிலைக் காட்டுக்குள் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது.

கடைசியாகக் கொதிக்க வைத்தல். இதைவிட இயற்கையான வழி வேறு எது இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. கேரளத்தில் பதிமுகம் என்னும் மரத்தின் கட்டையைப் போட்டு இளஞ்சிவப்பாகத் தரும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பலர் அந்தக் கட்டையின் மகிமையைப் பேசுகிறார்கள். கிருமியைக் கொன்றது கட்டைக்குக் கீழே எரிந்த அடுப்பு. சீரகத் தண்ணீருக்கும் சுக்குத் தண்ணீருக்கும் இதே கதைதான். மலைமேல் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுமே, கிருமி சாகுமா என்று சிலர் கேட்பதுண்டு. நீலகிரியின் தொட்டபெட்டா சிகரத்தின் உயரத்தில் நீர் ஏறத்தாழ 91 டிகிரியில் கொதிக்கும். குடிநீர்க் கிருமிகளைக் கொல்ல அதுவே போதும். தளதளவென்று ஒரு நிமிடம், 6,500 அடிக்கு மேல் மூன்று நிமிடம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. இருபது நிமிடம் கொதிக்க வைத்து எரிபொருளை வீணாக்க வேண்டியதில்லை.

ஆனால் நம் காடுகளில் அந்த நெருப்பை மூட்டக் கூடாது. மலைப்பாதை திறந்திருக்கும் பிப்ரவரி முதல் மே வரையிலான காலம்தான் புல்லும் சருகும் காய்ந்து கிடக்கும் காட்டுத்தீக் காலமும்கூட. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. எனவே, நெருப்பு வேண்டும் என்றால் அது மலையடிவாரத்திலோ வீட்டிலோதான் எரிய வேண்டும். முந்தைய நாள் கொதிக்க வைத்து ஆறவிட்ட நீரை எவர்சில்வர் பாட்டில்களில் மூன்று லிட்டராவது சுமந்து செல்வதுதான் நான் கண்ட வழி. மூன்று லிட்டர் என்றால் மூன்று கிலோ. முதல் மலையின் படிக்கட்டிலேயே அந்த எடை தோளில் தெரியும். பலரும் பாதித் தண்ணீரோடு கிளம்பிச் சுனையை நம்புவதற்குக் காரணம் இதுதான், இயற்கைமீது கொண்ட பக்தி என்று நான் நினைக்கவில்லை.

சுமந்த நீர் தீர்ந்துபோய்ச் சுனையைத்தான் நாட வேண்டும் என்ற நிலை வந்தால், வேட்டியில் வடித்த நீரில் குளோரின் மாத்திரையைப் போட்டு உறையில் சொல்லியுள்ளபடி அரை மணி நேரம் காத்திருந்து குடிப்பதில் எந்த இழுக்கும் இல்லை. வேதிப்பொருள் என்று முகம் சுளிக்கும் கோவைவாசிகள், தாங்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் சிறுவாணித் தண்ணீரும் வடிகட்டப்பட்டுக் குளோரின் சேர்க்கப்பட்ட பிறகே குழாய்க்கு வருகிறது என்பதை நினைவில் கொள்ளலாம். குளோரினுக்கும் அடங்காத கிரிப்டோஸ்போரிடியம் போன்ற கிருமிகள் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்கும் கொதிநீர்தான் விடை. கொழுக்குமலை, வால்பாறை, மேகமலை எனத் தேயிலைத் தோட்டங்களை ஒட்டி நடப்பவர்களுக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. தோட்டத்தின் வழியாக ஓடிவரும் நீரில் பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ கலந்திருந்தால், தேற்றாங்கொட்டை முதல் கொதிக்க வைத்தல் வரை மேலே சொன்ன எதுவும் அதை நீக்காது. தோட்டத்துக்கு மேலே உள்ள ஓடையில் எடுக்க வேண்டும், இல்லையென்றால் எடுக்கக் கூடாது.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். மலைப்பாதை திறப்பதற்கு முன்பாக, அந்தக் கட்டுரை வெளியான அதே பக்கத்தில், தேற்றாங்கொட்டையால் தெளிய வைத்த நீரையும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும் என்ற திருத்தத்தைக் கண்ணில் படும்படி வெளியிட வேண்டும். இரண்டாவது, தங்கள் நாளிதழ் வழியாக வனத்துறைக்கு. 2024 அக்டோபரில் அரசு ஒரு மலையேற்றத் திட்டத்தை நாற்பது பாதைகளுடன் தொடங்கியது. இணையத்தில் பதிவு செய்து கட்டணம் செலுத்தித்தான் அவற்றில் நடக்கிறோம். அந்தப் பாதைகளின் தொடக்கத்திலும் வெள்ளியங்கிரியின் பூண்டி அடிவாரத்திலும், வருவோர் தங்கள் பாட்டிலை நிரப்பிக்கொள்ளக் கொதிக்க வைத்து ஆறிய நீரை ஒரு பெரிய பாத்திரத்தில் வைத்தால் போதும். எரிவாயு அடுப்பு ஒன்றும், அதைப் பார்த்துக்கொள்ள அடிவாரக் கிராமத்தவர் ஒருவரும் இருந்தால் நடக்கக்கூடிய காரியம் இது. பாட்டிலுக்கு ஐந்து ரூபாய் கேட்டாலும் கொடுத்துவிட்டு நிரப்பிக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்,
கோயம்புத்தூர்.